உடுநுவரவின் மூன்று பழங்கோயில்கள்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு விடுமுறையில் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரின் வானில் குடும்பத்தோடு கண்டிக்குச் சென்றோம். கண்டிக்கு அருகே உடுநுவரவில் உள்ள கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்க ஆகிய மூன்று இடங்களும் நிகழ்ச்சிநிரலில் இருந்தன. ஆனால் பேராதனைப் பூங்காவிலும், நாங்கள் கேட்காமலே அழைத்துச் செல்லப்பட்ட மாணிக்கக்கல் கடை ஒன்றிலும் பொழுது போய்விட்டதால், மூன்று இடங்களுக்கும் சேர்த்து எங்களுக்கு மிஞ்சியது ஒன்றேகால் மணித்தியாலம் மாத்திரமே. எம்பெக்கவில் மரத்தூண் ஒன்றில் பின்னிக்கொண்டு நின்ற மல்லர்களைக் காட்டி, "அம்மா, இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எத்தனை கால்?" என்று என் மகன் கேட்டான். நான் எண்ணத் தொடங்குவதற்குள் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டார்.

அடுத்த மாதம் மகனையும் என் அக்காவையும் அழைத்துக்கொண்டு, இம்முறை எந்த ஏற்பாட்டாளரும் இல்லாமல், பேருந்திலேயே போக எண்ணியிருக்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரு நாள்தான். அரசர்களின் பெயர்களும் ஆண்டுகளும் பாடப்புத்தகத்தால் எனக்கு மனப்பாடம். ஆனால் கட்டடத்தின் முன்னால் நிற்கும்போது கண்ணை முதலில் எங்கே வைப்பது என்பது தெரியவில்லை. மூன்றையும் எந்த வரிசையில் பார்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று விளங்கும்? அதே நாளில், கண்டி நகரில் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையையும் பார்த்துவிட முடியுமா? இவற்றைத் தமிழ்ச் சிற்பிகள் கட்டினார்கள் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பேச்சில் எவ்வளவு நிலைக்கும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பென்சில்முனை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த மூன்று இடங்களுக்கும் எத்தனை தடவை போனேன் என்பதற்குக் கணக்கில்லை. முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கண்டி நகரம் வரை போய், அங்கிருந்து வேறு வாகனம் பிடித்து வந்த வழியிலேயே திரும்பி வருகிறார்கள். அது வீண் அலைச்சல். கடுகண்ணாவை ஏற்றம் முடிந்து பிலிமத்தலாவை வந்தவுடன் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து தவுலகல வீதியில் திரும்பினால் முதலில் வருவது கடலாதெனிய, அடுத்தது இலங்காதிலக, கடைசியில் எம்பெக்க. மூன்றையும் நடந்தே பார்த்தால் ஏழெட்டுக் கிலோமீற்றர் ஆகும். அக்காவுக்குக் கால்வலி இருந்தால் முச்சக்கரவண்டி பிடித்துக்கொள்ளலாம். மாலையில் எம்பெக்கவிலிருந்து கண்டிக்குப் பேருந்து உண்டு.

வசதிக்காக மாத்திரம் இந்த வரிசையைச் சொல்லவில்லை. முதலாவது கருங்கல், இரண்டாவது செங்கல், மூன்றாவது மரம். மூன்றும் கம்பளை இராசதானியாக இருந்த 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு தலைமுறைக்குள் எழுந்தவை. ஒரே மலைநாட்டில், ஒரே மழையில், மூன்று பொருள்களைக் கொண்டு கட்டியவர்கள் எப்படி மூன்று விதமாகச் சிந்தித்தார்கள் என்பதை ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது இங்கேதான்.

கடலாதெனியவை 1344இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், தர்மகீர்த்தி தேரரின் முயற்சியால் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி கட்டினார். விரிந்து கிடக்கும் வெறும் பாறையின் மேலேயே கோயில் நிற்கிறது. வாசலில் நின்றவுடன் புத்தர் சிலையைத் தேடிப் போகாமல் வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கருவறை, அதை மண்டபத்தோடு இணைக்கும் இடைப்பகுதி, முன்னால் மண்டபம் என்று நம் ஊர்ச் சிவன் கோயிலின் அமைப்பே அங்கு இருப்பதைக் கால்களே உங்களுக்குச் சொல்லிவிடும். அடிப்பகுதியில் நடனமாடுவோரும் முழவு கொட்டுவோரும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கருவறைக்கு மேலே எழும் சிகரம் செங்கல்லால் ஆனது. உள்ளே வீற்றிருப்பவர் புத்தர். பக்கத்தில் விஷ்ணுவுக்குத் தனிச் சந்நிதி. பாறையில் வெறுங்காலோடு நிற்க வேண்டியிருப்பதால் காலை பத்து மணிக்கு முன் போய்விடுவது நல்லது. நண்பகலில் அந்தப் பாறை தோசைக்கல்தான். கட்டடக்கலை எதுவும் மனதில் ஏறாது. தடித்த காலுறை ஒரு சோடி எடுத்துச் செல்லுங்கள்.

இலங்காதிலகவும் அதே 1344இல் தொடங்கியதுதான். பன்ஹல்கல என்னும் பாறையின் உச்சியில், அமைச்சர் சேனாலங்காதிகாரவின் பொறுப்பில் எழுந்தது. இங்கே சுவரின் தடிப்பைப் பாருங்கள். செங்கல்லால் மாடத்தின் மேல் மாடமாக உயர்த்த நினைத்தவர்கள், அந்தப் பாரத்தைத் தாங்கச் சுவரையே மலையாக்கியிருக்கிறார்கள். மேல் மாடங்கள் பின்னர் அழிந்துவிட்டன. இன்று நீங்கள் காணும் மர ஓட்டுக்கூரை பிற்காலத்தில் போட்ட தொப்பி. கிழக்கு வாசலால் போனால் புத்தர்; சுற்றி வந்து மறுபுறம் நுழைந்தால், அதே தடித்த சுவர்களுக்குள் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகியோரின் சந்நிதிகள். ஒரே கட்டடத்துக்கு இரண்டு முகம் என்ற இந்த ஏற்பாட்டை மாணவர்களுக்குத் தளப்படமாக வரைந்து காட்டினால் அரை மணித்தியாலத்தில் புரிந்துகொள்வார்கள்; வாயால் விளக்கினால் ஒரு தவணை போதாது.

எம்பெக்கவுக்கு வருவோம். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் கதிர்காமக் கடவுளுக்காக அமைந்த தேவாலயம் இது. முன்னால் இருப்பது மேளம் கொட்டும் மண்டபம். எல்லோரும் தூணில் உள்ள சதுரச் சிற்பங்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்னிய அன்னங்கள், இருதலைப்புள், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், உங்கள் மகன் கண்ட மல்லர்கள் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தூண் முழுவதையும் அடியிலிருந்து மேலே ஒரு தடவை கண்ணால் ஏறிப் பாருங்கள். சதுரம், பிறகு எண்பட்டை, மறுபடி சதுரம், மறுபடி எண்பட்டை. நம் கோயில் கல்தூணின் அதே கணக்கு. உச்சியில் நான்கு திசையிலும் கை நீட்டி, நுனியில் தாமரை இதழ்கள் கவிழ்ந்து தொங்கும் ஒரு கட்டை இருக்கும். சிங்களத்தில் அதைப் பேகட என்பார்கள். நம் ஸ்தபதிகள் போதிகை என்பார்கள். அது அலங்காரம் மாத்திரமன்று. இரண்டு தூண்களுக்கு இடையே உத்திரம் தாவ வேண்டிய தூரத்தை இருபுறமும் ஒவ்வொரு கை அளவு குறைத்து, பாரத்தைத் தூணின் நடுவுக்குக் கொண்டுவருகிற வேலையை அது செய்கிறது. கல்லில் இதே உறுப்பு கட்டுக்குட்டென்று இருக்கும். மரத்தில் கை நீண்டுவிடும், ஏனெனில் மரம் வளைவைத் தாங்கும், கல் தாங்காது. காலையில் கடலாதெனியவில் கல்லைப் பார்த்த கண்ணோடு மாலையில் இதைப் பார்த்தால், அந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு மண்டபத்தின் ஒரு முனைக்குப் போய்க் கழுத்தை அண்ணாந்து பாருங்கள். கூரையின் கைமரங்கள் இருபத்தாறு ஓரிடத்தில் வந்து குவிகின்றன. அவை அத்தனையையும் ஒற்றை மர ஆணி பிடித்து நிற்கிறது. மதொல் குருப்பாவ என்று அதற்குப் பெயர். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கூரைக்கு நான் வரைந்து தள்ளிய இரும்புத் தகட்டு இணைப்புகளை எண்ணிச் சற்று வெட்கப்பட்டேன்.

கூரையின் வடிவத்துக்கும் காரணம் உண்டு. மேற்பகுதி செங்குத்தாக இறங்கி, கீழே வந்ததும் சரிவு தணிந்து வெளியே விரிகிறது. தட்டை ஓட்டில் தண்ணீர் தங்கினால் உள்ளே கசியும். ஆகவே மேலே அதைத் துரத்த வேண்டும். கீழே இறங்கிய நீர் சுவரில் தெறிக்காமல் தள்ளிப்போய் விழ வேண்டும்; ஆகவே கூரையின் வெளிவிளிம்பான இறவாணம் அகல வேண்டும். அந்தக் காலத்து மலைநாட்டில் சாதாரண மக்களின் வீடுகளுக்கு ஓடு போடவும், சுண்ணாம்பு பூசவும், ஒரு தட்டுக்கு மேல் எழுப்பவும் அனுமதி இருக்கவில்லை என்று 17ஆம் நூற்றாண்டில் கண்டி அரசில் கைதியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். மண்ணும் கம்பும் வைக்கோலும் கொண்டு கட்டிய அந்த வீடுகள் மழையோடு போய்விட்டன. கோயில்களும் பிரபுக்களின் வளவுகளும் மாத்திரம் நமக்கு மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலதா மாளிகையை இதே நாளில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

பென்சில்முனை ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடே. தமிழ்ச் சிற்பிகள் பற்றிய கேள்வியை அவர் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டதால் நான் எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு வெறும் பெருமை அன்று. அதற்கு ஆதாரம் உண்டு. கடலாதெனியவில் கணேஸ்வராச்சாரியின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. இலங்காதிலகவில் பாறையில் வெட்டப்பட்ட சாசனத்துக்குச் சிங்களப் பாடமும் இருக்கிறது, தமிழ்ப் பாடமும் இருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட கொடைகளைப் பற்றிய அரசாங்க ஆவணம் ஒன்று மலைநாட்டின் நடுவில், 14ஆம் நூற்றாண்டில், இரு மொழிகளில் வெட்டப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கு போகிற தமிழர்களில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பாறையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, சாய்வெயிலில்தான் வெட்டு தெரியும். மகனுக்கு இரண்டொரு எழுத்தையாவது கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள்.

ஆனால் அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சிற்பியை வரவழைத்தவர் ஒரு பௌத்த தேரர். கொடை கொடுத்தவர் சிங்கள அரசர். இலங்காதிலகவின் செங்கல் வேலை பொலநறுவையில் முன்னமே பழகிய கைகளின் தொடர்ச்சி. கணேஸ்வராச்சாரியின் பெயரை மாத்திரம் உருவியெடுத்து "இது எங்களுடையது" என்று முழங்கும் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அவர் கட்டியது சிவன் கோயில் அன்று. தனக்குத் தெரிந்த கோயில் அமைப்புக்குள் புத்தருக்கு இடம் செய்துகொடுத்தார். அவருடைய கெட்டித்தனமே அதில்தான் இருக்கிறது.

எம்பெக்கத் தூண்களைப் பற்றி ஒரு திருத்தம். அவை கம்பளையில் கைவிடப்பட்ட அரச மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது வழிவழியாக வரும் செய்தி. தெல்மட மூலாச்சாரி என்ற தச்சரின் பெயரும் அவ்வாறே வழங்குகிறது. ஆகவே தேவாலயம் தோன்றிய ஆண்டையே ஒவ்வொரு மரத்துக்கும் பிறந்த ஆண்டாக எழுதிவிடக் கூடாது. கல் நின்ற இடத்தில் நிற்கும். மரத்தைக் கழற்றலாம், சுமக்கலாம், பழுதானதை மாற்றலாம்.

தலதா மாளிகைக்கு இன்னொரு நாள் போகும்போது, அதற்கு எதிரே உள்ள நாத தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். கண்டி நகரில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். கடலாதெனியவைப் பார்த்தவருக்கு அதன் கல் சந்நிதி உடனே அடையாளம் தெரியும். பக்கத்தில் உள்ள மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபம் இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தில் முடிந்தது. எம்பெக்கவில் கண்ட போதிகைகளின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கின்றன. 1815 மார்ச் 2இல் நாட்டை ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதும் அந்தக் கூரையின் கீழேதான். அதில் பிரதானிகள் சிலர் தமிழில் கையெழுத்திட்டிருப்பது பலரும் அறிந்த செய்தி. எண்கோண மண்டபமும் வாவியும் அந்தக் கடைசி மன்னனின் ஆசை. அவற்றை அமைத்த சிற்பி தேவேந்திர மூலாச்சாரி.

பீலிக்கரை எழுதியது:

மூவருக்கும் வணக்கம். நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இப்போது மட்டக்குளியில் இருக்கிறேன். மேலே எழுதியவை எல்லாம் படிக்க இனிமையாக இருந்தன. ஆனால் மலைநாட்டின் பழைய கட்டடம் என்றவுடன் எல்லோரும் 1815இல் நின்றுவிடுகிறார்களே என்ற ஒரு மனக்குறை எனக்கு உண்டு. அதற்குப் பிறகு எழுதுகிறவர்களும் நுவரெலியாவின் செங்கல் தபாலகத்தையும் 1878இல் டிக்கோயாவில் எழுந்த வார்லி கிறிஸ்தவ தேவாலயத்தையும் வர்ணித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

மலையில் அதிகம் பேர் வாழ்ந்த கட்டடம் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. எங்கள் வீடு 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), அதன் ஓரத்தில் அடுப்பு. காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், தகரக் கூரை வெள்ளைக்காரன் போட்டது, உள்ளே இருந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். பென்சில்முனை ஐயா இறவாணத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு எங்கள் லயத்தின் இறவாணம்தான் ஞாபகம் வந்தது. அரை முழம்கூட வெளியே நீளாது. ஆனிமாதக் காற்றுமழையில் இஸ்தோப்பில் தண்ணீர் நிற்கும். அம்மா சாக்கை விரித்து அடுப்பைக் காப்பாற்றுவார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மழையை அறிந்து கூரையை வளைத்த மலையில், அந்த மழையைப் பாராமல் தகரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். ஒரு வீட்டில் தீப்பற்றினால் கூரைக்குக் கீழே உள்ள அந்த ஒற்றை வெளியாலேயே கடைசி வீட்டுக்குப் போய்விடும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்து லயம் அவ்விதமே ஒரே இரவில் போனது.

அதே தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். நாங்கள் அதை ஸ்டோர் என்போம். மூன்று தட்டு, நான்கு தட்டு உயரம், இரும்புத் தூண், நான்கு பக்கமும் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். மேல் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்ட வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். ஆகவே கட்டடமே காற்றுக்காக அமைந்தது. கொழுந்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் பார்த்தவர்கள் ஆட்களுக்குப் பார்க்கவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டின் வரைபடத்தையும் ஒரே தாளில், ஒரே அளவுத்திட்டத்தில் மாணவர்கள் வரைந்தால் போதும். லயங்கள் இடிக்கப்பட்டு வருகின்றன. இடிக்கப்படுவதில் எனக்கு வருத்தம் இல்லை; யாரும் அதில் வாழக் கூடாது. ஆனால் ஒரு லயமாவது அளந்து வரையப்பட்ட பிறகு இடியட்டும் என்றுதான் கேட்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிலிமத்தலாவையில் இறங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். தலதா மாளிகையும் நாத தேவாலயமும் டிசம்பர் விடுமுறைக்கு. பீலிக்கரை அக்காவின் பதிவை வகுப்பில் வாசித்தேன். என் மாணவர்களில் இருவரின் பாட்டிமார் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அளவு நாடாவோடு அடுத்த தடவை ஊருக்குப் போவதாகச் சொன்னார்கள். ஒருத்தி, காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தையும், மடுவம் என்னும் கொட்டகையையும் சேர்த்து வரையட்டுமா என்று கேட்டாள். எதை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று அக்கா ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். எம்பெக்கத் தூண்களின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கலாமா என்பதையும் ஐயா சொல்ல வேண்டும்.

பீலிக்கரை எழுதியது:

பீலியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே விழுந்ததோ அதைப் பார்த்துத்தான் லயம் வைத்தார்கள். பீலியிலிருந்து கடைசிக் காம்பராவின் வாசல் வரை எத்தனை அடி என்று முதலில் எழுதிக்கொண்டால், குடம் சுமந்த தூரம் படத்தில் வந்துவிடும். மடுவத்தையும் கட்டாயம் வரையட்டும்.

பென்சில்முனை எழுதியது:

தேய்த்துப் படி எடுக்கவே வேண்டாம். அறுநூறு ஆண்டு மரத்தின் விளிம்பு ஏற்கெனவே ஆயிரக்கணக்கான விரல்கள் பட்டு மழுங்கியிருக்கிறது. ஒரு தூணுக்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரையுங்கள்; பூசை வேளையானால் மேளக்காரர்களுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருங்கள், அது அவர்களுடைய மண்டபம். மல்லர்களின் கால்களை எண்ணும்போது இடுப்புக் கச்சையிலிருந்து கீழே வரச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம். பாதத்திலிருந்து மேலே போனால் யாருடைய கால் யாருடையது என்று குழம்பிவிடும். எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள், என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.